சத்தம் பத்தல

ஜூலை 1, திங்கள்

இனி ஒரு கேள்வி கேட்டா வாயில சூடு வச்சிருவேன்னு அம்மா சொல்லிட்டா. நான் அப்படி என்னத்தக் கேட்டுட்டேன்? பக்கத்து வீட்டு லில்லி அக்கா மாப்பிள்ளை லீவுல வந்து ரொம்ப நாளாச்சே, திரும்ப எப்போ கப்பலுக்குப் போவாருன்னு கேட்டேன். அவரு முன்னாலேயே கேட்டுட்டேன், அதான் தப்பாம். அம்மா கிள்ளுன இடம் இன்னும் செவந்து கெடக்கு. அதனால இனி நோட்டுல கேக்கேன். நோட்டுக்குக் கிள்ளத் தெரியாது.

இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல எஸ்.பி.எல். தேர்தல் அறிவிச்சாச்சு. மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் மாணவர் தலைவர் அவருதான். பன்னிரண்டாம் வகுப்பு ஏ பிரிவுல ஒருத்தர், பி பிரிவுல ஒருத்தர் நிக்கணும். ஜெயிச்சவர் தலைவர், தோத்தவர் துணைத் தலைவர். இதுவரைக்கும் தலைவர் எப்பவும் பையன்தான், துணை எப்பவும் பொண்ணுதான். துணைக்கு ஒரே சோலி, விழாவுக்கு விருந்தாளி வந்தா வாசல்ல சந்தனத் தட்டைத் தூக்கிட்டு நிக்கணும். ஏன் பொண்ணு தலைவரா வரலைன்னு கேட்டா சார்மாருல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஒரே பதிலு: பொம்பளப் பிள்ளைகளுக்குச் சத்தம் பத்தாது. எங்க பள்ளிக்கூடத்து மைக்கு பாதி நாள் வேலை செய்யாது. மைக்கு இல்லாம "ஸ்கூல், அட்டேன்ஷன்!"னு கத்துனா காம்பவுண்டுச் சுவரு பக்கம் நிக்கிற கடைசி வரிசைக்குக் கேக்கணுமாம்.

எங்க 12 பி-ல ஃபெமிலா நிக்கா. என் உயிர்த்தோழி. அவளுக்குச் சத்தம் பத்தாதுன்னு சொல்றவன் அவ பக்கத்துல ஒரு நாள் உக்காந்து பாக்கணும். "எங்க அக்கா அந்தத் தட்டைத் தூக்குனா ஜெனோ. போட்டோவுல கூட விருந்தாளி தலைதான் தெரியுது, அக்கா கை மட்டும்தான் தெரியுது. நான் ஜெயிச்சே தீரணும்"னு சொன்னா. சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சு. அவளுக்குக் கண்ணு கலங்கி நான் பாத்ததே இல்ல.

இந்த ஆசைய ஏத்தி விட்டது ஒரு ஜப்பான் கார்ட்டூன். கார்ட்டூன்னு சொன்னா அடிக்க வருவா, அனிமேன்னு சொல்லணும். அவ அண்ணன் போன்ல ரெண்டு பேரும் ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு காதுல வச்சுப் பாத்தோம். அதுல ஒரு ஹைஸ்கூல், மாணவர் தலைவர் தேர்தல், எதிரெதிரா நிக்கிற ஒரு பையனும் பொண்ணும். பாதிக்கதை வரைக்கும் மொட்டைமாடியில நின்னு சண்டை போடுவாங்க. கடைசியில அதே மாடியில ஒரே குடைக்குள்ள நிப்பாங்க. எங்க பள்ளிக்கூடத்து மொட்டைமாடி பூட்டித்தான் கெடக்கு. மேல சின்டெக்ஸ் டேங்கும் காக்காவும் தவிர ஒண்ணும் இல்ல. பையன்கூடப் பேசுனா மறுநாள் அப்பா அம்மாவக் கூட்டிட்டு வரணும். அப்புறம் எங்க இருந்து குடை வரும்?

ஜூலை 2, செவ்வாய்

புது ஹெச்.எம். பாக்கியநாதன் சார் ஒரு குண்டத் தூக்கிப் போட்டுட்டாரு. போன வருஷம் தேர்தல்ல ஏ பிரிவும் பி பிரிவும் பெஞ்சுக் காலை உடைச்சு அடிச்சுக்கிட்டது அவரு காதுக்குப் போயிருச்சு. அதனால பிரேயர்ல புது விதி சொன்னாரு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஏஜென்டு எதிர் வகுப்புல இருந்துதான் வரணும். வேட்பாளர் பேரு சொல்லிக் கேக்கலாம், கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது. ஏஜென்டு உண்மையா உழைக்கணும். உள்குத்து வேலை பாத்தது தெரிஞ்சா, அந்த ஏஜென்டோட சொந்த வகுப்பு வேட்பாளர் போட்டியிலயே கிடையாது.

அதோட முடியல. "பையனா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும் வேட்பாளரும் ஏஜென்டும் பேசிக்கலாம். கொடிக்கம்பத்தடியில, பி.டி. சார் கண்ணு முன்னால, தேர்தல் முடியிற வரைக்கும் மட்டும்"னாரு. மொத்த மைதானமும் ஓன்னு சத்தம் போட்டுச்சு.

ஏ பிரிவுல சுடலைமுத்து நிக்கப் போறான்னுதான் நேத்து வரைக்கும் பேச்சு. பிரேயர் முடிஞ்சு வகுப்புக்குப் போறதுக்குள்ள பேரு மாறிருச்சு. கிளாட்வின் நிக்கானாம். யாரு கிளாட்வினா? ஆறாம் வகுப்புல இருந்து இதே பள்ளிக்கூடத்துல படிக்கான், அவன் பேசி நான் கேட்டதே இல்ல. சின்ன வகுப்புல ஒண்ணா இருந்தப்போ வருகை எடுத்தாக்கூட கையைத்தான் தூக்குவான்.

அவன் ஏஜென்டா கேட்டது என்னய. ஜெனோவா, 12 பி.

ஏன்? ஏன் என்னய? எனக்குத் தலை வெடிச்சிரும் போல இருக்கு.

"என் ரகசியமெல்லாம் உனக்குத் தெரியும்னு கேட்டிருப்பான். நீ சும்மா கையக் கட்டிட்டு உக்காரு"ன்னா ஃபெமிலா. உள்குத்துன்னு தெரிஞ்சா உனக்குத்தான் போட்டி போயிரும்னு சொன்னேன். யோசிச்சுப் பாத்து, "அப்போ கொஞ்சமா உழை"ன்னா. கொஞ்சமா எப்படி உழைக்கது? எனக்கு அது பழக்கமில்லையே. அவ பதிலுக்குச் சுடலையை ஏஜென்டா கேட்டு வாங்கிட்டா.

ஜூலை 3, புதன்

சாயங்காலம் கொடிக்கம்பத்தடிக்குப் போனேன். பி.டி. சார் நாற்காலியப் போட்டு விசிலைக் கழுத்துல மாட்டிட்டு எங்களையே பாத்துட்டு இருந்தாரு. அந்தப் பக்கம் ஃபெமிலாவும் சுடலையும். இந்தப் பக்கம் கிளாட்வின். அவன் கம்பத்தோட உச்சியப் பாத்துக்கிட்டே, "வணக்கம். வந்ததுக்கு நன்றிங்க"ன்னான்.

"லே, ஆறாம் வகுப்புல இருந்து ஒண்ணா படிக்கோம். என்னது, நன்றிங்க?"

"சரிங்க"ன்னான். கூறுகெட்ட பய.

மொதக் கேள்வியே அதுதான் கேட்டேன். ஏன் என்னய கேட்ட? திரும்பவும் உச்சியப் பாத்தான். அங்க ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. "தேர்தல் முடிஞ்சதும் சொல்லுதேன்"னான். இப்பச் சொல்லுன்னேன், மாட்டேன்னு தலையாட்டுனான். என்கிட்ட இப்படிச் செய்யலாமா? பரோட்டாவைக் காட்டிட்டு சால்னா தாராம இருக்கிற மாதிரில்லா இருக்கு.

சரின்னு வேலையப் பாத்தேன். அட்டேன்ஷன்னு ஒரு தடவை கத்து பாப்போம்னேன். கத்துனான். கம்பத்து மேல இருந்த காக்கா கழுத்தக் கூடத் திருப்பல.

"சத்தம் பத்தல"ன்னேன்.

"பத்தலயா?"ன்னான். கேட்ட தினுசப் பாத்தா சந்தோஷமா கேட்ட மாதிரி இருந்துச்சு.

"கேவலமா இருக்கு. தினமும் சாயங்காலம் பயிற்சி எடுக்கணும்."

"தினமுமா?"ன்னான். ஆமாடான்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். பாவம், அவமானமா இருந்திருக்கும்.

ஜூலை 4, வியாழன்

இவனைப் பேச வச்சு ஓட்டு வாங்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால ஒரு யோசனை பண்ணேன். நீ வகுப்பு வகுப்பா போயி பேசாத, கேளுன்னேன். உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிட்டு நில்லு, அதுதான் உனக்கு நல்லா வருதேன்னேன்.

மதியம் பி.டி. சாரையும் பின்னால வரச் சொல்லிட்டு ஆறாம் வகுப்புக்குப் போனோம். ஒரு வாண்டு எந்திரிச்சு, "அண்ணா, தண்ணிக் குழாய் எங்களுக்கு எட்டாது, குதிச்சுத்தான் திறக்கோம்"னு சொல்லிச்சு. இன்னொண்ணு, குதிச்சு விழுந்த முட்டியக் காட்டிச்சு. கிளாட்வின் உக்காந்து அந்த முட்டியப் பாத்தான். பேரு கேட்டான். எல்லாத்துக்கும் பேரு கேட்டான். திரும்பி வரும்போது அத்தனை பேரையும் வரிசையா சொல்லுதான்! நான்கூட அதுல பாதிய மறந்துட்டேன்.

இவன் கேக்கிற மாதிரி யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. அடுத்து நாம என்ன சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டே கேக்கிற ஆள் இல்ல. எனக்கே அப்படிக் கேக்கத் தெரியாது.

பயிற்சி: அதே கேவலம். காக்கா அசையல.

ஜூலை 5, வெள்ளி

அம்மா தைக்கக் குடுத்த லில்லி அக்கா ஜாக்கெட்டுக்குக் கொக்கியத் தலைகீழா வச்சுத் தச்சுட்டேன். அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நான் ஏன் அப்படித் தச்சேன்னு எனக்கே தெரியல.

ஜூலை 6, சனி

அம்மா கடற்கரையில மீன் ஏலத்துக்குப் போயிட்டு சாளையோட வந்தா. நான் செதில் உரசிட்டு இருந்தேன். அவளா பேசுனா, நான் ஒண்ணும் கேக்கல.

"ஏலம் விடுற மிக்கேலுக்குக் காய்ச்சலாம்ட்டி. அவன் அண்ணன் மகன்தான் நாலஞ்சு நாளா விடிய ஏலம் விடுதானாம். எம்மா, என்ன தொண்டை! கோயில் மணி அடிச்சது யாருக்கும் கேக்கல. உங்க பள்ளிக்கூடத்துலதான் படிக்கானாம், கிளாட்வினாம்."

அது வேற கிளாட்வினா இருக்கும். எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு கிளாட்வின் இருக்கான்.

செதில் உரசி முடிச்சுக் கைகழுவிட்டு வந்து, "எம்மா, அவன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"னு கேட்டேன்.

"உனக்கு எதுக்குட்டி அது?"

சும்மா கேட்டேன். தெரிஞ்சுக்கக் கூடாதா? (நீலக் கோடு போட்டதாம்.)

ஜூலை 8, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குள்ள போனா குழாய்கிட்ட ஒரே கூட்டம். யாரோ ரெண்டு பெரிய கல்லைக் கொண்டாந்து குழாய்க்குக் கீழ ஆடாமப் பதிச்சு வச்சிருக்காங்க. ஆறாம் வகுப்பு வாண்டுக அது மேல ஏறி நின்னு தாகம் இல்லாதது எல்லாம் தண்ணி குடிக்குது. "கிளாட்வின் அண்ணன், கிளாட்வின் அண்ணன்"னு ஒரே கூச்சல். எனக்கு நானே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஃபெமிலா நிக்கா. சிரிக்கல.

"கொஞ்சமா உழைக்கச் சொன்னேன்"னா.

"கல்லு அவன் போட்டது."

"கேக்கச் சொன்னது நீ. சுடலை எல்லாத்தையும் சொல்லிட்டான். நீ எனக்குத் தோழியா, அவனுக்கு ஏஜென்டா?"

ரெண்டுந்தான்னேன். அவ போயிட்டா. மதியம் சோறும் தனியா தின்னா. அவ கொண்டாந்த மாங்கா ஊறுகா வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு.

சாயங்காலம் கிளாட்வின்கிட்ட நேராவே கேட்டேன். "உங்க சித்தப்பா பேரு மிக்கேலா?"

கையில வச்சிருந்த தண்ணி பாட்டிலக் கீழ போட்டுட்டான். "ஆமா."

"ஏலம் விடுறது நீதானா?"

"ம்."

"அங்க கோயில் மணியத் தோக்கடிக்க. இங்க காக்காவ அசைக்க முடியலயே, ஏன்?"

குனிஞ்சு பாட்டில எடுத்து மண்ணத் துடைச்சான். "அங்க மீன் இருக்கு"ன்னான்.

எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு. கூச்சம்! மீனைப் பாத்தா தொண்டை திறக்குது, மனுசரப் பாத்தா அடைக்குது. அதனால, "என்னய மீனுன்னு நெனச்சுக்கிட்டுக் கத்து"ன்னேன். சிரிச்சுட்டான். அவன் சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கேன். முன்பல்லு ஒண்ணு லேசா ஏறிக்கிட்டு இருக்கும் போல.

"என்ன மீனு?"ன்னு கேட்டான்.

"என்னமும் வச்சுக்கோ. சாளை."

"சாளை இல்ல, நெய்மீன்"னான்.

ஏலத்துல அதுக்குத்தான் விலை கூட. காது ரெண்டும் கொதிச்சுப் போச்சு. மைதானத்துல வெயிலு அப்படி.

ஜூலை 9, செவ்வாய்

ஃபெமிலா பேசல.

சுடலை எங்களைத் தாண்டிப் போறப்போ பி.டி. சாருக்குக் கேக்காம என்கிட்ட சொன்னான். "எங்க கிளாஸ் சாரு ரெண்டு தடவை அவனை நிக்கச் சொன்னாரு, முடியாதுன்னுட்டான். ஹெச்.எம். விதியச் சொன்னதும் ஓட்டமா ஓடிப்போய்ப் பேரு குடுத்தான். எனக்கு ஒரு வாரம் சமோசா வாங்கித் தாரேன்னு சொல்லித்தான் என்னய ஒதுங்க வச்சான்."

விதியக் கேட்டுட்டு ஓடுறதுக்கு அதுல என்ன இருக்கு? ஏஜென்டு மாத்திக்கிறது. உள்குத்து கூடாது. கொடிக்கம்பத்தடியில பேசலாம். இதுல எதுக்காக ஒருத்தன் ஓடுவான்? புளி கரைச்சுக்கிட்டே யோசிச்சேன், பிடிபடல. குழம்புல உப்பு ரெண்டு தடவை விழுந்துருச்சு.

ஜூலை 10, புதன்

நாளைக்குக் கடைசி உரை. நாளன்னைக்கு ஓட்டு. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் கொடிக்கம்பத்தடியில யாரும் நிக்க வேண்டியதில்ல. நல்லதாப் போச்சு. வெயில்ல நின்னு நின்னு கருத்துப் போனதுதான் மிச்சம்.

பயிற்சியில அவனை விடல நான். தொண்டைய இறுக்கி இறுக்கிக் கத்துதான், காத்துதான் வருது. இன்னைக்குப் போதும்னு சொல்லலாம்னு பாத்தா, "இன்னொரு தடவை"ன்னான். அவனேதான் கேட்டான். பி.டி. சார் விசிலடிச்சும் "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னான். குரலு அப்பவே கரகரன்னு இருந்துச்சு. நான் கவனிச்சிருக்கணும். "வீட்டுக்குப் போயி சுடுதண்ணில உப்புப் போட்டுக் கொப்பளி"ன்னு மட்டும் சொன்னேன்.

போகும்போது, "நாளைக்கு உரை முடிஞ்சா அவ்வளவுதான், இல்லையா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான்னு சொன்னேன். எனக்குக் கேக்கக் கேள்வியே வரல, அதுதான் அதிசயம்.

ஜூலை 11, வியாழன்

இன்னைக்கு நடந்ததை ஒழுங்கா எழுதணும்.

காலையில வகுப்புக்குள்ள நுழையவும் எங்க பி பிரிவுப் பிள்ளைக கைதட்டுதுக. "சூப்பர் வேலை பாத்துட்ட ஜெனோ"ன்னு முதுகுல தட்டுதுக. எனக்கு ஒண்ணும் ஓடல. கிளாட்வினுக்குக் குரலு போயிருச்சாம். சுத்தமா. வாயத் திறந்தா காத்து மட்டும் வருதாம். நான் வேணும்னே ஒரு வாரமா கத்த வச்சுத் தொண்டையக் கெடுத்துட்டேனாம்.

ஃபெமிலா மட்டும் கைதட்டல. நேரா வந்து நின்னா. முகம் வெளிறிப் போயிருந்துச்சு. "ஏ பிரிவுக்காரனுக ஹெச்.எம்.கிட்ட உள்குத்துன்னு புகார் குடுத்துட்டானுக. இனி நான் போட்டியிலயே இல்ல. என்கிட்ட உண்மையச் சொல்லு. வேணும்னா செஞ்ச?"

"சத்தியமா இல்லட்டி."

அவ நம்புனாளா இல்லையான்னு தெரியல. அழுதுட்டேன். உரையில ஒருத்தன் பேச முடியாமப் போனதும் என்னால, இவ நிக்க முடியாமப் போறதும் என்னால. நான் ரெண்டு பேருக்கும் நல்லதுதானே நெனச்சேன்?

ஹெச்.எம். ரூமுக்கு நாலு பேரையும் கூப்பிட்டாங்க. நான், ஃபெமிலா, சுடலை, கிளாட்வின். அவன் கழுத்துல மப்ளரைச் சுத்தியிருந்தான். என்னயப் பாத்ததும் ஏதோ சொல்ல வந்தான், காத்துதான் வந்துச்சு. ஹெச்.எம். என்னய விசாரிச்சாரு. தினமும் கத்த வச்சியா? வச்சேன். நேத்து குரலு கம்முனது தெரியுமா? தெரியும் சார். வேணும்னே செஞ்சியா? இல்ல சார். நான் சொல்லச் சொல்ல எனக்கே என்மேல சந்தேகம் வந்துச்சு.

அவரு கிளாட்வின் பக்கம் திரும்புனாரு. "நீ சொல்லு. இந்தப் பிள்ளை வேணும்னே உன் தொண்டையக் கெடுத்துச்சா?" அவன் வேகமா தலையாட்டுனான். "தலையாட்டுனா பத்தாது. உன்னைய யாரும் மிரட்டியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? அந்தா போர்டு இருக்கு, எழுது."

சுவத்துல வகுப்பு வாரியா வருகை எழுதி வச்சிருந்த கரும்பலகைதான். அவன் சாக்பீஸை எடுத்து அதுக்குக் கீழ எழுதுனான்.

"எனக்கு மொத நாளே சத்தமா கத்த வரும் சார்."

"அப்புறம்?"

"வராத மாதிரி தொண்டைய இறுக்கிக் கத்தினேன். தினமும்."

"எதுக்குலே?"

சாக்பீஸ் அப்படியே நின்னுச்சு. காது நுனி செவந்திருச்சு அவனுக்கு. சுடலை வாயப் பொத்திக்கிட்டு இருமுனான். அப்புறம் எழுதுனான்.

"வந்துட்டா பயிற்சி முடிஞ்சிரும்."

நான் அதை வாசிச்சேன். திரும்பவும் வாசிச்சேன். பக்கத்துல ஃபெமிலா என் கையப் பிடிச்சு நகம் பதிய அமுக்குனா. அவ என்னயத் தொட்டு மூணு நாளாச்சு.

ஹெச்.எம். கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. போட்டுட்டுத் திரும்ப வாசிச்சாரு. "காலையில என்ன செய்வ?"

"கடற்கரையில ஏலம் சார். சித்தப்பாவுக்குக் காய்ச்சல்."

"விடியுறப்போ அங்க கத்துற, சாயங்காலம் இங்க திருகுற. ஒரு தொண்டைதானடா இருக்கு?" எந்திரிச்சு டஸ்டரை எடுத்து அவரே போர்டைத் துடைச்சாரு. வேகத்துல ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு வருகையும் சேர்ந்து அழிஞ்சுபோச்சு. எங்களுக்கு முதுகக் காட்டிட்டே கொஞ்ச நேரம் நின்னாரு. தோளு குலுங்குன மாதிரி இருந்துச்சு.

திரும்பும்போது முகத்தக் கடுப்பா வச்சிருந்தாரு. "உள்குத்து நடந்திருக்கு. ஆனா இந்தப் பிள்ளை செய்யல. இவனே இவனுக்குச் செஞ்சுக்கிட்டான். அதுக்கு நான் விதி போடல. ஃபெமிலா நிக்கலாம். இவனுக்குப் பதிலா ஏஜென்டு பேசட்டும்."

ஏஜென்டுன்னா நான். என் தோழிக்கு எதிரா, மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால. ஃபெமிலாவப் பாத்தேன். "நல்லா பேசு. கொஞ்சமா பேசுன, கொன்னுருவேன்"னா.

கடைசிப் பீரியடுல மேடையில ஏறவும் மைக்கு செத்துப்போச்சு. வழக்கம்தானே. கீழ மொத வரிசையில கிளாட்வின் மப்ளரோட நிக்கான். கண்ண அவன் மேல இருந்து எடுத்துக் கடைசி வரிசையில வச்சேன். வயித்துல இருந்து கத்துனேன். இவன் பேச மாட்டான், கேப்பான். உங்க பேரெல்லாம் இவனுக்குத் தெரியும். குழாய்க்குக் கீழ கல்லு போட்டது இவன்தான், அதை யாருகிட்டயும் இவன் சொல்லல, நான்தான் சொல்லுதேன். நான் சொன்னது எல்லாம் உண்மை. காம்பவுண்டுச் சுவரு பக்கம் நின்னவங்க கைதட்டுனாங்க. சத்துணவு சமைக்கிற அக்கா கழுவிட்டு இருந்த கரண்டியோட வெளிய வந்து பாத்தாங்க. கம்பத்து மேல இருந்த காக்கா பறந்துருச்சு.

அடுத்து ஃபெமிலா பேசுனா. அவளும் மைக்கு இல்லாமத்தான். அவ பேச்ச நான் சரியாக் கேக்கல. போர்டுல இருந்த எழுத்துதான் கண்ணுல நின்னுச்சு.

எனக்குக் கோவம் கோவமா வருது. ஒரு வாரம் என்னய ஏமாத்தியிருக்கான். சந்தோஷமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வந்தா அதுக்கு என்ன பேரு? மீனு, நெய்மீனு, விதியக் கேட்டு ஓடுனது, எல்லாம் கண்ணு முன்னாலதான் கெடந்துச்சு. சட்டைக் கலரு வரைக்கும் கேட்டேனே, நான் ஒரு மக்குச் சாம்பிராணி.

ஜூலை 12, வெள்ளி

ஓட்டுப் போட்டாச்சு. யாருக்குன்னு இங்கயும் எழுத மாட்டேன். ரகசிய வாக்கெடுப்புன்னா ரகசியம்தான்.

ஃபெமிலா ஜெயிச்சுட்டா! கொஞ்ச ஓட்டு வித்தியாசந்தான், ஆனா ஜெயிச்சுட்டா. எங்க பள்ளிக்கூடத்துல மொதப் பொம்பள எஸ்.பி.எல். ஓடி வந்து என்னயத் தூக்கிச் சுத்துனா. ரெண்டு பேரும் அழுதோம். எனக்கு அதுல பாதிதான் சந்தோஷ அழுகை.

"உனக்கு விவரம் தெரியுமா?"ன்னா. "பொம்பளப் பிள்ளைக்குச் சத்தம் பத்தாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச பயலுக எல்லாம் நேத்து நீ கத்துனதுல வாயடைச்சுப் போயிட்டானுக. எட்டாம் வகுப்புல வந்து சொல்லுதுக, ஜெனோ அக்கா சத்தமே இப்படின்னா ஃபெமிலா அக்கா சத்தம் எப்படின்னு. அவனுக்குக் கத்துன, எனக்கு ஓட்டு விழுந்துச்சு."

அப்போ அவனைத் தோக்கடிச்சது நான்தானா? அவன் அந்தப் பக்கம் நின்னு கைதட்டிட்டு இருந்தான். பேசப் போகலாம்னு ரெண்டு அடி வச்சேன். பி.டி. சார் விசிலடிச்சுட்டாரு. தேர்தல் முடிஞ்சுபோச்சு.

மத்தியானச் சோத்துக்கு ஃபெமிலா பக்கத்துல உக்காந்தேன். மீனு கதை, நெய்மீன் கதை, ஒண்ணு விடாமச் சொன்னேன். அவ மாங்கா ஊறுகாயச் சப்பிக்கிட்டே கேட்டா. ஒரு கிண்டலும் பண்ணல. என் மூஞ்சிய மட்டும் பாத்தா.

ஜூலை 15, திங்கள்

காமராசர் பிறந்தநாள் விழா. விருந்தாளி வந்தாரு. வாசல்ல சந்தனத் தட்டைத் தூக்கிட்டு நின்னது துணைத் தலைவர் கிளாட்வின். பன்னீர்ச் செம்பை ஆட்டத் தெரியாம விருந்தாளி சட்டைய நனைச்சுட்டான். போட்டோவுல அவன் கை மட்டும்தான் வரும். ஃபெமிலா மேடையில நின்னு "ஸ்கூல், அட்டேன்ஷன்!"னா, மைதானமே நிமிந்து நின்னுச்சு. அவ அக்காவும் வந்திருந்தா, துப்பட்டாவ வாயில வச்சுக்கிட்டு அழுதா.

நானும் அவனும் எட்டி எட்டி நின்னோம். அவனுக்குக் குரலு திரும்பியிருக்குமா? கேக்க முடியல. பள்ளிக்கூடத்துல இம்புட்டு நேரம் ஒரு கேள்விய வாய்க்குள்ள வச்சிருந்தது இதுதான் மொதத் தடவை. நெஞ்சு வலிக்குது, பொய் சொல்லல.

ஜூலை 16, செவ்வாய்

ஃபெமிலா தலைவரா செஞ்ச மொத வேலை என்னன்னு கேளு.

என்னய இழுத்துட்டு ஹெச்.எம். ரூமுக்குப் போனா. வெறப்பா நின்னு, "சார், சுதந்திர தினத்துக்கு அணிவகுப்புக் கட்டளைய இந்த வருஷம் துணைத் தலைவர் குடுக்கட்டும். சந்தனத் தட்ட ரெண்டு பேரும் மாறி மாறித் தூக்குறோம். ஆனா ஒரு பிரச்சனை. துணைத் தலைவருக்குச் சத்தம் பத்தல. பயிற்சி வேணும். ஜெனோவா ஏற்கெனவே குடுத்து அனுபவம் உள்ளவ"ன்னா.

எனக்குக் காலு தரையில நிக்கல.

ஹெச்.எம். கண்ணாடிக்கு மேல அவளைப் பாத்தாரு. அப்புறம் என்னயப் பாத்தாரு. "ஏலம் விடுற பையனுக்கா சத்தம் பத்தல?"

ஃபெமிலா கண்ண இமைக்காமச் சொன்னா, "அங்க மீன் இருக்கு சார்."

மேசையில இருந்த பேப்பர் வெயிட்டை ரொம்ப நேரம் உருட்டிட்டு இருந்தாரு. "ஆகஸ்டு பதினஞ்சு வரைக்கும். கொடிக்கம்பத்தடியில. பி.டி. சார் கண்ணு முன்னால"ன்னாரு. வெளிய வந்ததும் ஃபெமிலாவக் கட்டிப்பிடிச்சேன். "மொட்டைமாடிச் சாவி மட்டும் கேக்காத, அது என்னால ஆகாது"ன்னா.

சாயங்காலம் அவன் எனக்கு முன்னாலேயே வந்து நின்னான். மப்ளர் இல்ல. கத்துன்னேன். "ஸ்கூல், அட்டேன்ஷன்!" எம்மா! காக்கா பறந்துச்சு, சைக்கிள் ஷெட்டுல இருந்த புறா எல்லாம் பறந்துச்சு, பி.டி. சார் நாற்காலியில இருந்து எந்திரிச்சுட்டாரு.

நான் மூச்ச இழுத்து விட்டுட்டுக் கேட்டேன். "தேர்தல் முடிஞ்சாச்சு. இப்பச் சொல்லு. ஏன் என்னய கேட்ட?"

இந்தத் தடவை கம்பத்து உச்சியப் பாக்கல. என்னயத்தான் பாத்தான். மெதுவாச் சொன்னான். "ஆறாம் வகுப்புல இருந்து பாக்கேன். நீ பள்ளிக்கூடத்துல எல்லாருகிட்டயும் கேள்வி கேப்ப. வாட்ச்மேன்கிட்டக்கூட கேப்ப. என்கிட்ட மட்டும் ஒண்ணுகூடக் கேட்டதில்ல."

எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு.

"சத்தம் பத்தல"ன்னேன். "இன்னொரு தடவை சொல்லு."